பழவேற்காட்டு எஞ்சின் கணக்கு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால், வயலும் இறால் பண்ணையும் மாறி மாறி வந்து, கடைசியில் சாலை பழவேற்காட்டு ஏரிக்கரையில் போய் நிற்கும். சிலர் டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறார்கள். 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று பார்க்க அதிகம் இல்லை என்பதால் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கல்லறைக் கற்களோடு திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். சிலர் பூநாரைக்காக வருகிறார்கள், பலர் நண்டுக்காக. படகின் பின்பக்கத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆனால் இந்த ஊரின் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுக் கதை அங்கேதான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடலுக்குப் போகும் ஃபைபர் படகு கரையை நெருங்கும்போது கேட்கும் ‘டப டப’ ஓசை, பொன்னேரிக் கடைத்தெருவில் காய்கறி மூட்டை ஏற்றிப் போன சரக்கு ஆட்டோவின் ஓசை மாதிரியே இருக்கும். காது ஏமாறவில்லை. இத்தாலியின் லொம்பார்டினி வடிவமைப்பை ஒட்டிக் கிரீவ்ஸ் நிறுவனம் இந்தியாவில் செய்த ஒற்றை சிலிண்டர் டீசல்தான் பியாஜியோ ஏப் சரக்கு ஆட்டோவுக்கும் போனது. அதே குடும்பத்து எஞ்சின்களைத்தான் தமிழகக் கரையோரத்துச் சிறு படகுகளிலும் கட்டினார்கள்.

பழைய ஜீப்புகளைத் தேடி வாங்கி, அதில் புது எஞ்சினை ஏற்றுவதை ஒரு தவமாகவே செய்கிறவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். பெட்ரோல் கார்புரேட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன் எஞ்சினை உட்காரவைப்பதுதான் இப்போது அவர்களுடைய பெரிய ஆசை. அதில் தப்பொன்றும் இல்லை. இந்த நாட்டு ஜீப்பின் சரித்திரமே எஞ்சின் மாற்றத்தின் சரித்திரம்தான். மஹிந்திரா முதலில் வில்லீஸின் பெட்ரோல் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்றது. பிறகு டிராக்டர் வம்சத்து இன்டர்நேஷனல் டீசல் வந்தது, அதற்கும் பிறகு பிரெஞ்சு பூஷோவின் எக்ஸ்டிபி டீசல். உடம்பு ஏறக்குறைய அதேதான், இதயம் மட்டும் இரண்டு தடவை மாறியது. ஆனால் கம்பெனி செய்யும்போது எஞ்சினோடு கிளட்சு, ரேடியேட்டர், உதிரிப்பாகக் கடை, பயிற்சி பெற்ற மெக்கானிக், பதிவுப் புத்தகம் எல்லாமும் சேர்ந்து மாறின. தனியாள் செய்யும்போது எஞ்சின் ஒருநாளில் மாறிவிடும், மற்றதெல்லாம் வருஷக்கணக்கில் பாக்கி நிற்கும். எஞ்சினை இறக்கி வைப்பதில் மாற்றம் முடிவதில்லை என்பதும், ஓடுகிற இடம் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் முடிகிறது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். இதற்குப் பழவேற்காட்டைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். சாலையே இல்லாத இடத்தில் ஓடும் வண்டி என்றால், இங்கே அது படகுதானே?

இடம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். வடக்கு தெற்காக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் நீளம், ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். பல இடத்தில் ஆள் இறங்கி நடக்கலாம். தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் தண்ணீர் கொண்டுவருகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலைத் தடுத்து நிற்கிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் கடலும் ஏரியும் கலக்கும். மணல் மூடிவிட்டால் கோடையில் ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகும், ஐப்பசி கார்த்திகை மழையில் குடிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அடியில் சேறு, சேற்றுக்கு மேல் பாசி, ஊன்றிய கழிகள், கட்டிய வலைகள். ஓர் எஞ்சினைத் துன்புறுத்த என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது.

இந்த நீரில் எஞ்சின் வருமுன் கழியும் பாயும் துடுப்பும் இருந்தன. ஏரிக்குள் இன்றும் கழி ஊன்றிப் போகும் சிறு தோணிகளைப் பார்க்கலாம். கடற்கரைப் பக்கத்துக் குப்பங்களில் கட்டுமரம் இருந்தது. கட்டுமரத்தின் பெருமை, அதில் கெட்டுப்போவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான். அலை கவிழ்த்தால் நிமிர்த்திக்கொள்ளலாம், கரைக்கு வந்தால் மரங்களைப் பிரித்துக் காயவைக்கலாம். அதில் எஞ்சினை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏறி இறங்கும் சிறு படகுகளுக்காகப் பல வடிவங்களைச் செய்து பார்த்தது. அதில் ஒன்று, எஞ்சினையும் விசிறித் தண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பெட்டி முழுவதையும் அச்சில் சாய்த்துத் தூக்கும்படி செய்த அமைப்பு. கரை நெருங்கும்போது விசிறி மணலில் இடித்து உடையாமல் மேலே எழும்பிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிரச்சினையை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள். எஞ்சினுக்கு எவ்வளவு பலம் என்பதைவிட, அது எவ்வளவு சுலபமாகத் தண்ணீரைவிட்டு மேலே வரும் என்பதே இந்தக் கரையில் முதல் கேள்வி.

இன்று குப்பங்களில் காண்பது அதைவிட எளிய விடை. படகின் பின்விளிம்பில் ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் சுழலும் அச்சு, அச்சின் மேல் காற்றால் குளிரும் சிறு டீசல், அதிலிருந்து பின்னால் நீளும் இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் விசிறி. எஞ்சினின் கனமும் தண்டின் கனமும் ஏறக்குறையச் சமமாக நிற்கும்படி வைத்திருப்பதால், கைப்பிடியை ஒருவர் கீழே அழுத்தினாலே விசிறி நீரைவிட்டு எழும்பிவிடும். ஆழம் குறைந்தால் அழுத்துவது, ஆழம் வந்தால் விடுவது, வலை குறுக்கிட்டால் பக்கவாட்டில் தள்ளுவது, இவ்வளவுதான் ஓட்டும் வித்தை. எஞ்சின் ஏரித் தண்ணீரை உறிஞ்சிக் குளிர வேண்டியதில்லை. சேறு அடைக்க அதில் குழாயே கிடையாது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தபோது, கட்டுமரம் போய் ஃபைபர் வந்ததும் அதன் பின்னால் இந்த எஞ்சின் ஏறியதும் ஒரே மூச்சில் நடந்த மாதிரி வெளியே தெரிந்தது. ஆனால் எஞ்சின் இங்கே நிலைத்ததற்குக் காரணம் நிவாரணம் அல்ல. நிவாரணமாக வந்து, உபயோகமில்லாமல் கரையில் வெளுத்துப்போன சாமான்கள் தமிழகக் கரையோரத்தில் எத்தனையோ உண்டு. சரக்கு ஆட்டோவுக்கான ரிங்கும் வால்வும் நாசிலும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைத்தன, ஆட்டோவைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவருக்குப் படகு எஞ்சினையும் பிரித்துக் கட்டத் தெரிந்தது. அதனால்தான் அது நிலைத்தது.

இந்த டீசலும் எரிபொருளைப் பீய்ச்சுகிற எஞ்சின்தான் என்பதை இன்ஜெக்‌ஷன் ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு, எப்போது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். இங்கே ஒரு உலோகக் கேம் முடிவு செய்கிறது, அங்கே ஒரு கணினி. கேம் முடிவு செய்யும் முறையைக் கண்ணால் சோதிக்கலாம். எஞ்சின் புகை கக்கி இழுக்கத் திணறினால், நாசிலைத் தலையிலிருந்து கழற்றி, அதே உயரழுத்தக் குழாயில் வெளியே பார்த்தபடி மாட்டி, கையால் எஞ்சினைச் சுற்றுவார்கள். நல்ல நாசில் ‘கிர்’ரென்று ஒரு சத்தத்தோடு மூடுபனி மாதிரி டீசலைத் தெளிக்கும். கெட்ட நாசில் ஒரு பக்கமாகப் பீய்ச்சும், அல்லது நுனியில் துளி கட்டிச் சொட்டும். முன்னால் கையை நீட்டக் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டேங்க் காலியாகிக் குழாயில் காற்றுப் புகுந்தால், நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி நின்று முழு டீசல் வழியும்வரை அடித்துவிட்டு முடுக்கினால் போதும். இரண்டு ஸ்பேனர், ஒரு துணி. அலையில் ஆடும் படகில், இருட்டிலும்கூட, பழகிய கைக்கு முடிகிற வேலை. நோய் எங்கே என்று கண்ணும் காதும் மூக்கும் சொல்லிவிடுகின்றன.

மின்னணு இன்ஜெக்‌ஷன் செய்கிற காரியத்தைக் குறைத்துச் சொல்வதும் நியாயமில்லை. கார்புரேட்டர் காற்றின் உறிஞ்சலை நம்பி உத்தேசமாகப் பெட்ரோலைக் கலக்கிறது. இன்ஜெக்‌ஷன் கணினியோ காற்றழுத்தம், த்ராட்டில் திறப்பு, எஞ்சின் சூடு, கிராங்க் நிற்கும் கோணம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி பார்த்து அளந்து விடுகிறது. மலையேறினாலும் மழையில் நனைந்தாலும் கலவை பிசகாது. அதே காரணத்தால், பழைய ஜீப்பில் அதைப் பூட்டுகிறவர் எஞ்சினை மட்டும் பூட்டுவதில்லை. டேங்குக்குள் அழுத்தம் கொடுக்கும் மின் பம்பு, மிச்ச எரிபொருள் திரும்பிவரத் தனிக் குழாய், நல்ல பேட்டரி, அதை நிரப்பும் ஆல்டர்னேட்டர், துருப்பிடிக்காத எர்த் இணைப்பு, கை பருமனுக்கு ஒயர்க் கட்டு, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று பட்டியல் நீளும். வாங்கிய எஞ்சின் நல்ல எஞ்சினாகவே இருக்கும். வண்டி நின்றுபோவதெல்லாம் ஒரு எர்த் ஒயராலோ, ஈரம் ஏறிய ஒரு கனெக்டராலோ, பம்புக்குப் போகும் ஒரு ரிலேயாலோதான். உப்புக் காற்றில் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் சாலையில் இருப்பதைவிடச் சீக்கிரம் பச்சை பூக்கும்.

எஞ்சின் நன்றாக இருந்தும் துணைச் சாமான் காலை வாரிவிடுவது ஏழைக் கரையோரத்துக் கதை மட்டும் அல்ல. ஏரிக்கு அக்கரையிலேயே அதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2001இல் முதல்முறை பறந்த ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் மேலடுக்கில் ரஷ்யாவின் கிரையோஜெனிக் எஞ்சின் இருந்தது. அமெரிக்க நெருக்கடியால் ரஷ்யா தொழில்நுட்பம் தர மறுத்து, செய்து முடித்த எஞ்சின்களை மட்டும் விற்றிருந்தது. அதைக் கழற்றிவிட்டு இந்திய எஞ்சினை ஏற்றிய முதல் ராக்கெட் 2010 ஏப்ரல் 15இல் கிளம்பியது. எஞ்சின் பற்றிக்கொண்டது. ஆனால் அதற்குத் திரவ ஹைட்ரஜனைத் தள்ளிக் கொடுக்கும் துணைப் பம்பு நின்றுவிட்டது, ராக்கெட் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் மறுபடி முயன்றபோது, கிரையோஜெனிக் எஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்து, கவுன்ட்டவுனை நிறுத்த வேண்டி வந்தது. 2014 ஜனவரி 5இல்தான் அந்த எஞ்சின் மாற்றம் முடிந்தது. நாட்டின் தேர்ந்த பொறியாளர்களும் அரசாங்கத்தின் பணமும் சேர்ந்து ஏறக்குறைய நாலு வருஷம். ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடுக்கப்படுகிற மீனவர்களுக்கு இந்தக் கதையின் சாரத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பம்பு நின்றால் எஞ்சின் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த வாதத்துக்கு முதலில் வரும் ஆட்சேபம் புகையும் ஓசையும் பற்றியது. நியாயமான ஆட்சேபம். ஏரியின் தமிழகப் பகுதியும் பறவைகள் சரணாலயம்தான், இந்த டீசலின் இரைச்சல் ஒரு கிலோமீட்டர் தாண்டிக் கேட்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுகிறவரின் காது வருஷத்துக்கு வருஷம் மந்தமாகிறது. நவீன பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் இதைவிட எவ்வளவோ அமைதி. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியேறும், எண்ணெயும் சேர்ந்து தண்ணீரில் கலக்கும். அப்படிப்பட்ட எஞ்சினை மாற்ற வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் எதால் மாற்றுவது என்ற இடத்தில் கணக்கு சிக்கலாகிறது. 2023 ஆகஸ்டில் தமிழக அரசு, எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கான ஆண்டு மானிய டீசலை 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆகவும், மண்ணெண்ணெயை 3,400 லிட்டரிலிருந்து 3,700 ஆகவும் உயர்த்தி அறிவித்தது. அந்த அறிவிப்பில் பெட்ரோல் இல்லை. மிகச் சுத்தமான எஞ்சினை வாங்குகிறவர் மிக விலையுயர்ந்த எண்ணெயை முழு விலைக்கு ஊற்ற வேண்டும் என்றால், சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் மீனவரிடம் பேசுமுன் சென்னைக் கோட்டையில் போய்ப் பேசுவதே முறை. எஞ்சின் வாங்க 40 விழுக்காடு மானியம் கொடுக்கும் திட்டமும் உண்டு, ஆனால் எஞ்சின் விலை ஒருமுறை போவது, எண்ணெய்ச் செலவு தினமும் போவது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கோபமாக வரும். மீனவருக்குக் கணினி எஞ்சின் ஒத்துவராது என்பது, ஏழைக்குப் பழசே போதும் என்ற எண்ணத்தின் நாகரிகமான வடிவம்தானே என்று. அப்படிச் சொன்னால் தப்புத்தான். ஜிபிஎஸ் கருவி, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வானிலை பார்க்கும் செல்போன் எல்லாம் மீன்பிடிக் கரைகளுக்கு எப்போதோ வந்துவிட்டன, யாரும் பயப்படவில்லை. இன்னும் நேரான சாட்சி மீன் கடைக்கு வெளியே நிற்கிறது. ஐஸ் பெட்டி கட்டி, பின்னால் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, மடவையும் இறாலும் ஏற்றிப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்ததால் எக்ஸ்எல் 100 வண்டியிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. இந்த நாட்டில் அதைவிட மோசமான வாழ்க்கை வாழும் இன்ஜெக்‌ஷன் எஞ்சினைக் காட்டுவது கஷ்டம், அப்படியும் அது ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று பார்த்தால் வாதம் பலப்படவே செய்கிறது. சிறு நகரங்கள் வரை சர்வீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோளாறை வாசிக்கும் கருவி அங்கே இருக்கிறது, சென்சார் போனால் அதே சென்சார் கிடைக்கிறது. நின்றுபோனால் தள்ளிக்கொண்டு போகலாம், அல்லது மினி லாரியில் ஏற்றிவிடலாம். கம்பெனி எஞ்சினோடு ஊரையும் சேர்த்து மாற்றியிருக்கிறது. கடலில் நாலு மைல் தள்ளி நிற்கும் படகை யார் தள்ளிக்கொண்டு வருவது?

பேட்டரி கவலை பழசு என்று இன்னொருவர் சொல்லலாம், அதில் உண்மை உண்டு. 2012 வாக்கிலேயே சுஸுகி பேட்டரி இல்லாமல், கயிறு இழுத்தே கிளப்பக்கூடிய இன்ஜெக்‌ஷன் அவுட்போர்டை 15, 20 குதிரைசக்தியில் கொண்டுவந்துவிட்டது. கயிறு இழுக்கும்போது பிறக்கும் மின்சாரமே கணினியை எழுப்பிவிடும். இதை ஒத்துக்கொண்ட பிறகும் இரண்டு தடங்கல் நிற்கின்றன. ஒன்று, இந்த வகை அவுட்போர்டுகள் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்பவை. ஒரு முழம் ஆழத்தில் ஓடும்போது தண்ணீரோடு மணலும் சேறும் ஏறும், உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் தேயும். மற்றது, சூடு கூடினால் எஞ்சினைக் காப்பாற்றக் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். சாலையில் அது நல்ல குணம். முகத்துவாரத்தில் பின்னால் அலை எழும்பி வரும்போது எஞ்சின் கெட்டாலும் பரவாயில்லை, இன்னும் அரை நிமிஷம் முழு வேகம் வேண்டும். எஞ்சினா ஆளா என்ற கேள்வியில் எஞ்சினின் பக்கம் நிற்கும்படி எழுதப்பட்ட நிரலை, அலைவாயில் ஓட்டுகிறவர் சந்தேகத்தோடு பார்ப்பதில் பழமைவாதம் எதுவும் இல்லை.

பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் எஞ்சின் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தான் மாற்றுகிறார்கள். ஏரிக்குள் பலத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூக மீனவர்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் பாடு முறையில், எந்த இடத்தில் எந்த நாளில் யார் இறால் வலை கட்டுவது என்பது முறை வைத்து முடிவாகிறது. இருபது குதிரைசக்தி வைத்திருப்பவர் முந்திப் போனாலும் முறை அவருடையதாகாது. பாடு உரிமை இல்லாதவர்களுக்கு அதனால் நேரும் அநியாயம் தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் பந்தயத்தை ஏரிக்குள் அது கட்டிப்போட்டிருக்கிறது என்பது உண்மை. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே காசிமேட்டைப் பார்த்தால் போதும். அதிவேகச் சீன எஞ்சின் ஏற்றிய விசைப்படகுகளுக்கு எதிராக மற்ற மீனவர்களே வீதிக்கு வந்தார்கள். விசைப்படகு எஞ்சின் 240 குதிரைசக்தியைத் தாண்டக் கூடாது என்று 2020 விதிகளில் வரம்பு எழுத வேண்டி வந்தது. கடற்கரைக் குப்பங்களில் கொஞ்சம் கூடுதல் பலம் உயிர் காக்கும் என்பது நிஜம். ஆனால் முகத்துவாரம் மணல் மேடாகிவிட்டால் எத்தனை குதிரை இருந்தும் படகு நகராது, அதற்குத் தேவை தூர்வாருவது.

மின்சார மோட்டாருக்கு நேராகவே போய்விட்டால் என்ன என்ற கேள்விதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரிய மின்படகு பயணிகளை ஏற்றிப் போகிறது. குறுகிய தூரம், அமைதியான நீர், ஒவ்வொரு நாளும் அதே துறைக்குத் திரும்புவது, இந்த மூன்றும் ஏரிக்குள் ஓடும் தோணிக்கும் பொருந்தும். நாசிலும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை, தண்ணீரில் சிந்த எண்ணெயும் இல்லை. நீளத் தண்டின் நுனியில் விசிறியை வைத்து, மோட்டாரை மேலே உலர்வாக நிறுத்தினால் ஆழக்குறைவுக்கும் ஈடு கொடுக்கும். முகத்துவாரம் தாண்டி வாடைக் காற்றில் கடலுக்குப் போகிறவருக்கு இன்றைய பேட்டரிகளை நம்பச் சொல்ல மனம் வரவில்லை. ஏரிக்காரருக்கும் கடல்காரருக்கும் ஒரே எஞ்சின், ஒரே திட்டம் என்று அரசாங்க அலுவலகங்கள் யோசிக்கும் பழக்கம்தான் இதில் பெரிய தடை.

காகிதமும் எஞ்சினின் ஒரு பாகம்தான். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, தயாரித்தவரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சொன்னது. கிராமத்துப் பட்டறையில் அழகாக எஞ்சின் மாற்றிய எத்தனையோ ஜீப்புகளில் இன்னும் முடியாமல் நிற்கிற வேலை பதிவுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. படகுக்கும் பதிவு உண்டு, மானிய எண்ணெய் பதிவு பெற்ற படகுக்குத்தான். ஆகவே இன்ஜெக்‌ஷன் எஞ்சினைப் பழவேற்காட்டில் சோதித்துப் பார்க்க யாராவது நினைத்தால், லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் கடலுக்குப் போகிற சில படகுகளில் தொடங்கலாம். ஆனால் எஞ்சின் பெட்டியைப் பிரிக்குமுன், கோளாறு வாசிக்கும் கருவியும் ஒரு உதிரிக் கணினியும் இரண்டு ரப்பர்ச் சக்கரமும் பழவேற்காட்டுக் கடைத்தெருவிலேயே யாருடைய கடையில் இருக்கும், மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில் அந்தக் கடைப் பையனுக்கு யார் பயிற்சி தருவார்கள், பெட்ரோல் மானியத்துக்கு எந்தக் கோப்பில் கையெழுத்து வேண்டும் என்று மீன்வளத் துறை முதலில் எழுதித் தரட்டும். அதுவரை பின்விளிம்பில் இருக்கும் டீசலைக் கழற்றிக் கரையில் போட வேண்டாம், அதற்கு இன்னும் ரிங் கிடைக்கிறது.